செவ்வாய்க்கிழமை வரைக்கும் பெண்சாதி

மரவள்ளிக்கிழங்கு அவிக்கேக்கை சட்டியை மூடக்கூடாது, மூடினால் நஞ்சு உள்ளுக்கையே நிண்டிடும். எங்கடை ஆக்கள் எல்லாருக்கும் இது தெரியும். பிள்ளை, உமக்கும் உம்மடை அம்மா சொல்லித் தந்திருப்பா. இந்தப் பொலிஸ் ஐயாவுக்குத் தெரியாட்டில் சொல்லிவிடும். நான் இண்டைக்குச் சொல்லப்போறது பெரும்பாலும் சமையல் சங்கதிதான். அவருக்கு அலுப்படிச்சாலும் அடிக்கும்.

உம்மடை பேர் மேரிசாந்தி எண்டு சொன்னனீர். நான் சொல்லுறதைக் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷிலை சொன்னால் போதும். இந்தப் பக்கம் இருக்கிற லோயர் தம்பி, ஒண்டுக்கும் பதில் சொல்லாதேங்கோ எண்டு உள்ளுக்கு வரேக்கையே சொன்னவர். அவர் தன்ரை வேலையைச் செய்யிறார், பிழை சொல்ல ஏலாது. ஆனா நான் கதைக்கத்தான் வந்தனான். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

என்ரை பேர் யோகமலர். என்ரை புருஷன் ஞானேஸ்வரன், ஜூன் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலியர்ஸ் வுட்டிலை எங்கடை வீட்டிலை செத்தவர். இருதயம் நிண்டுபோச்சு எண்டு டொக்டர் எழுதிக் குடுத்தவர். அது சரிதான், நிண்டதுதான். ஐயாவுக்கு அதுக்கு முன்னம் நடந்ததுதான் வேணும். அது பென்ஷன் சங்கதி. அங்கையிருந்து துவங்கினால்தான் விளங்கும்.

நாங்கள் முதல் ஜேர்மனியிலை இருந்தனாங்கள். மகள் சாருஜா இங்கிலீஷிலை படிக்கவேணும் எண்டு லண்டனுக்கு வந்தது. இவருக்குக் கவுன்சிலிலை வேலை கிடைச்சுது. கார் பாக்கிங் பகுதி. றோட்டிலை நிண்டு டிக்கெட் எழுதத் துவங்கி, பிறகு கதிரையிலை இருந்து மற்றவைக்கு வேலை சொல்லுற அளவுக்கு வந்தவர். நான் டூட்டிங்கிலை கணேசலிங்கம் அண்ணையின்ரை கடையிலை நிண்டனான். மரக்கறி பிரிக்கிறது, மீன் வெட்டுறது. கணேசலிங்கம் அண்ணை நேர்மையான மனுஷன். "தங்கச்சி, உம்மடை பேரைப் பதிஞ்சு சம்பளம் போடட்டோ, வயசு போன காலத்திலை பென்ஷன் வரும்" எண்டு கேட்டவர். நான் வீட்டை வந்து இவரைக் கேட்டன். இவர் சிரிச்சார். "விசரே உனக்கு? வரி வெட்டுவாங்கள். கையிலை வாங்கு. என்ரை பென்ஷன் ஆருக்கு? எங்கள் ரெண்டு பேருக்கும்தானே" எண்டார். நான் கையிலை வாங்கினனான். சாருஜாவின்ரை படிப்பு அந்தக் காசிலைதான் நடந்தது. அவள் இப்ப ஒரு பெரிய மருந்துக்கடையிலை பார்மசிஸ்ட்டாய் இருக்கிறாள். அதிலை எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

பிறகு இவருக்குச் சலரோகம், அதுதான் சீனி வருத்தம், முத்தி, சிறுநீரகம் ரெண்டும் பழுதாய்ப் போச்சு. வேலையாலை நிண்டார், பென்ஷன் வரத் துவங்கினது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஆஸ்பத்திரியிலை சாப்பாட்டு முறை சொல்லிக் குடுக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெட்டை இருந்தவ. சாருஜாவும் எங்களோடை வந்து இருந்து, அந்தப் பெட்டை சொல்லச் சொல்ல எனக்குத் தமிழிலை சொன்னவள். மரக்கறிகளிலை, கிழங்குகளிலை பொட்டாசியம் எண்டு ஒண்டு இருக்குது. நல்ல சிறுநீரகம் அதை வெளியிலை தள்ளிப்போடும். இவருக்குத் தள்ளாது. ரத்தத்திலை தங்கி, கூடினால் இருதயத்தை நிப்பாட்டும். அதாலை எதையும் சின்னனாய் வெட்டி, கனநேரம் ஊறவிட்டு, நிறையத் தண்ணியிலை அவிச்சு, அந்தத் தண்ணியை ஊத்திப்போடவேணும். திரும்பப் புதுத்தண்ணி விட்டு அவிச்சு, அதையும் ஊத்தவேணும். அதுக்குப் பிறகுதான் கறி. சாருஜா எனக்கு ரெண்டு தரம் சொல்லிக் காட்டினவள். எனக்கு முதல் தரமே விளங்கிட்டுது.

நான் ஊத்தினனான். ஒரு நாளும் தவறவிடேல்லை. உருளைக்கிழங்கு சக்கையாய்ப் போகும், வாழைக்காய் கடதாசி மாதிரி இருக்கும். உப்பும் குறைக்கவேணும், தேங்காய்ப்பாலும் விட ஏலாது. இவர் கோப்பையைப் பாத்து, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலை" எண்டு சொல்லிப்போட்டு அரைவாசியை வைச்சிடுவார். தண்ணி குடிக்கிறதுக்கும் கணக்கு. அதையும் நான்தான் அளந்து வைக்கிறது. இளநி குடிக்க வேண்டாம், தக்காளிப்பழம் வேண்டாம், கீரை வேண்டாம் எண்டு நாள் முழுக்க நான் சொல்லவேணும். பிள்ளை, ஒரு மனுஷனை உயிரோடை வைச்சிருக்கிறது லேசான வேலை இல்லை. நன்றிதான் கிடையாது, போகட்டும்.

போன வருஷம் ஒரு புதன்கிழமை டயாலிசிஸாலை வந்தவர், கோட்டைக் கழட்டாமல் குசினி வாசலிலை நிண்டுகொண்டு, விவாகரத்து எடுப்பம் எண்டார்.

ஆரும் பொம்பிளை இருந்தால் எனக்கு ஒரு மாதிரி விளங்கியிருக்கும். ஒருத்தியும் இல்லை. "எனக்கு மிச்சம் இருக்கிற நாளைத் தனிய இருந்து கழிக்கவேணும், மலர்" எண்டார். நான் என்ன சத்தம் போடுறனானோ, சண்டை பிடிக்கிறனானோ எண்டு கேட்டன். இல்லை எண்டார். "நீ என்னைப் பாத்துக்கொண்டே இருக்கிறாய்" எண்டார். அவ்வளவுதான் அவற்றை குற்றச்சாட்டு. அடுப்பிலை பருப்பு கிடந்தது, அடிப்பிடிக்கப் போகுது எண்டு நான் இறக்கி வைச்சனான். அழுகை வரும் எண்டு நினைச்சன், வரேல்லை. இப்பவும் வரேல்லை.

நான் கேட்டது ஒண்டே ஒண்டு. எல்லாம் முடியும் வரைக்கும் ஒரு சனத்துக்கும் தெரியக்கூடாது. "உனக்குச் சனம்தான் பெரிசு" எண்டு சொல்லிப்போட்டு ஒத்துக்கொண்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலுமோ? இவர் மேலை சின்ன அறைக்குப் போனார். நான் சமைச்சு, இவற்றை பங்கைக் கோப்பையிலை போட்டுப் படியிலை வைப்பன், எடுத்துக்கொண்டு போவார். கார்த்திகைக்குக் கார்த்திகை ஆர்ச்வே முருகனிட்டை ரெண்டு பேரும் ஒண்டாய்த்தான் போனனாங்கள். நொர்தேர்ண் லைனிலை பக்கத்திலை பக்கத்திலை இருப்பம். கோயிலிலை ரெண்டு பேரின்ரை பேருக்கும் சேத்துத்தான் அர்ச்சனை. ஒரு கலியாண வீட்டிலை ஆராத்தி எடுக்கவும் என்னைக் கூப்பிட்டவை. நான் குங்குமப் பொட்டோடை போய் எடுத்தனான். கோர்ட்டிலை விவாகரத்துக்கு முதல் ஓடர் வந்து பத்து நாள்தான் அப்ப. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது.

என்ரை வழக்கைப் பாத்தவ பிரீத்தா எண்டு ஒரு லோயர். தமிழ்நாட்டுப் பிள்ளை, கெட்டிக்காரி. நான் வீட்டிலை பாதி தந்தால் போதும் எண்டுதான் போனனான். அவதான், "அம்மா, வீட்டை விடுங்க, பென்ஷன்தான் பெருசு. அதுலயும் உங்களுக்குப் பங்கு இருக்கு" எண்டு சொன்னவ. அவற்றை பேரிலை இருக்கிற பென்ஷனைக் கோர்ட்டு வெட்டி, ஒரு துண்டை என்ரை பேருக்கே மாத்திவிடுமாம். பிறகு அது அவற்றை தயவு இல்லை, என்ரை சொந்தம். இதைக் கேட்டு இவர் துள்ளினார். "நான் மழைக்கையும் பனிக்கையும் நிண்டு உழைச்சது" எண்டார். நான் மீன் வெட்டினதும் குளிருக்கைதான். கடைசியிலை கோர்ட்டு, இவவுக்கு எண்டு வேறை ஒண்டும் இல்லை எண்டு பாத்து, அரைவாசிக்குக் கொஞ்சம் கூடவே எனக்கு எழுதினது.

அண்டைக்குப் பிரீத்தா ஒரு விஷயம் விளங்கப்படுத்தினவ. பென்ஷன் ஓடர் வந்தாலும் நாலு கிழமை பொறுத்துத்தான் விவாகரத்தின்ரை கடைசி ஓடருக்குப் போடவேணும். "நடுவுல அவசரப்பட்டு முடிச்சு, அவருக்கு ஏதாவது ஆயிட்டா, நீங்க மனைவியும் இல்ல, பங்குக்காரியும் இல்ல. ரெண்டும் போயிடும்" எண்டா. அப்ப அதுக்கு முதல் ஏதும் நடந்தால் எண்டு கேட்டன். "ஃபைனல் ஆர்டருக்கு முன்னாடியா? அப்ப நீங்க மனைவிதானேம்மா. விதவை பென்ஷன் வரும்." அவ அதைச் சாதாரணமாய்த்தான் சொன்னவ. நானும் சாதாரணமாய்த்தான் கேட்டனான். நாலு கிழமை முடியிறது ஒரு செவ்வாய்க்கிழமை. இவர் அந்தச் செவ்வாய் காலமையே கடைசி ஓடருக்குப் போடுறது, வந்த உடனை வோல்தம்ஸ்டோவிலை சின்ன பிளட் வீடு ஒண்டுக்குப் போறது எண்டு பேச்சு. பிளட் தேடிக் குடுத்தவள் சாருஜா. அவளின்ரை வீட்டுக்குக் கிட்ட. அவள் அதை என்னட்டைச் சொல்லேல்லை, இவர்தான் வாய் தவறிச் சொன்னவர். பிளட்டுக்குப் போனால் எல்லாருக்கும் தெரியவரும்தானே. கோயிலிலை கேப்பினம், கடையிலை கேப்பினம். நோயாளி மனுஷன் சாகப்போற வயசிலை விட்டிட்டுப் போறார் எண்டால் அவள் என்ன மாதிரிப் பெண்சாதியாய் இருந்திருப்பாள் எண்டு கதைப்பினம். எங்கடை சனத்தின்ரை வாய் எனக்குத் தெரியும், நானும் அந்த வாயாலை கதைச்சிருக்கிறன்.

பென்ஷன் ஓடர் வந்த அண்டைக்கு நான் உருளைக்கிழங்கு வெட்டி அவிச்சன். அவிஞ்சுது. தண்ணி வடிக்கிற வடியை எடுத்து சிங்கிலை வைச்சன். பிறகு வடியைத் திரும்ப அலுமாரிக்குள்ளை வைச்சிட்டன். அந்தத் தண்ணியிலையே தூளைப் போட்டுக் கறியை இறக்கினன். நான் வெளியிலையிருந்து ஒண்டும் கொண்டுவந்து போடேல்லை, ஐயாவுக்கு அதை வடிவாய்ச் சொல்லும். ஒரு வேலையைச் செய்யாமல் விட்டனான், அவ்வளவுதான். உலகத்திலை எல்லாப் பெண்சாதிமாரும் அப்பிடித்தான் சமைக்கினம்.

இவர் கோப்பையைத் திரும்பக் கொண்டுவந்து குடுத்தார். வழிச்சுத் துடைச்சுச் சாப்பிட்டிருந்தார். "இண்டைக்கு என்னப்பா செய்தனி? ருசியாய்க் கிடக்கு" எண்டார். ரெண்டு வருஷத்துக்கு மேலை ஆகுது, நான் அந்தச் சொல்லைக் கேட்டு. அடுத்த நாள் கீரை கடைஞ்சன். அதுக்கடுத்த நாள் வாழைக்காய்ப் பால்கறி. நாலைஞ்சு நாளிலை இவர் படியிலை கோப்பை எடுக்கிறதை விட்டிட்டுக் குசினி மேசைக்கு வந்திட்டார். எதிரை இருந்து சாப்பிட்டார், கதைச்சார். கவுன்சிலிலை தனக்கு ஆரோ பேசின கதை, ஜேர்மனியிலை பனிக்கை சறுக்கி விழுந்த கதை. நானும் சிரிச்சனான். உண்மையைச் சொன்னால், கலியாணம் கட்டின காலத்துக்குப் பிறகு எனக்கு அப்பிடி ஒரு சந்தோஷமான மாசம் இல்லை. சாப்பிட்டு முடிய, "செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டரிலை எல்லாம் போட்டு முடிச்சிடுவன், நீ ஒண்டுக்கும் யோசிக்காதை" எண்டும் சொல்லுவார். அதை அன்பாய்த்தான் சொன்னவர்.

ஆஸ்பத்திரியிலை ரத்தம் பாத்திட்டுச் சாருஜாவுக்குப் போன் அடிச்சுச் சொல்லியிருக்கினம், பொட்டாசியம் ஏறிக்கிடக்கு எண்டு. அவள் எனக்கு அடிச்சவள். "அம்மா, ரெண்டு தரம் தண்ணி ஊத்துறீங்கள்தானே?" நான் ஓம் எண்டன். அது ஒரு பொய், ஒத்துக்கொள்ளுறன். வேறை பொய் சொல்லேல்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சினன். இவர்தான் கேட்டது. "உன்ரை கையாலை ஒரு ஒடியற்கூழ் குடிச்சிட்டுப் போவம் எண்டு பாக்கிறன்" எண்டு வெள்ளிக்கிழமை டயாலிசிஸாலை வந்து பகிடியாய்ச் சொன்னவர். வருத்தம் வந்த நாளிலையிருந்து இவருக்குக் கூழ் விலக்கு. பிள்ளை, ஐயாவுக்குக் கூழ் எண்டால் என்னெண்டு விளங்கப்படுத்தும். நண்டு, இறால், மீன், மரவள்ளி, பலாக்கொட்டை, பயித்தங்காய், கீரை எல்லாம் ஒரே பானையிலை அவிச்சு, பனங்கிழங்கு மாவும் புளியும் கரைச்சு விடுறது. அதிலை தண்ணி வடிக்கிற பேச்சே இல்லை. வடிச்சால் அது கூழில்லை. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவிலை ரெண்டு நாள் மிசின் இல்லை, அதாலை சனி ஞாயிறிலைதான் கூடக் கவனம் எண்டு அந்த வெள்ளைக்காரப் பெட்டை சொன்னது எனக்கு நினைவிலை இருந்தது. நான் கவனமாய்த்தான் இருந்தனான்.

மத்தியானம் ரெண்டு கோப்பை குடிச்சார். வேர்த்து வழிஞ்சுது. சந்தோஷமாய் இருந்தார். மூண்டாவது கோப்பை அவர் கேக்கேல்லை, நான் வாத்தனான்.

பின்னேரம் போல, கால் ரெண்டும் பஞ்சாய்க் கிடக்கு எண்டார். மேலை படியேற ஏலாமல் முன்னறைச் சோபாவிலை படுத்தார். பிறகு நெஞ்சுக்குள்ளை ஏதோ விட்டு விட்டு அடிக்குது எண்டார். இப்பிடி வந்தால் ஒரு நிமிஷமும் பிந்தாமல் அம்புலன்சுக்கு அடியுங்கோ எண்டு ஆஸ்பத்திரியிலை சொன்னதைச் சாருஜா எனக்கு மொழிபெயர்த்தவள். போன் என்ரை மடியிலைதான் கிடந்தது. இவர் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, "மலர், அம்புலன்சுக்கு அடிப்பமோ" எண்டு கேட்டார். நான் சொன்னன், "கொஞ்சம் பொறுங்கோப்பா, நாளைக்கு டயாலிசிஸ்தானே." அவர் நம்பினார். நான் சொன்னால் நம்புவார். நான் அவற்றை காலுக்கு எண்ணெய் பூசித் தேச்சுக்கொண்டிருந்தன். கையை விடேல்லை. வெளியிலை நல்ல வெயில், பக்கத்து வளவுக்கை பிள்ளையள் பந்தடிச்சுக்கொண்டு நிண்டதுகள். அவர் என்னைப் பாத்தார், நான் அவரைப் பாத்துக்கொண்டே இருந்தன். பிறகு அவர் பாக்கேல்லை. பிறகுதான் போன் அடிச்சன். ஓடித்தான் வந்தினம் பாவங்கள், நெஞ்சை அமத்தி அமத்திப் பாத்தினம். நான் ஒரு பக்கத்திலை ஒதுங்கி நிண்டு குடுத்தன்.

செத்த வீட்டுக்கு நல்ல சனம். மண்டபத்துக்குள்ளை இடம் இல்லாமல் வெளியிலையும் நிண்டவை. பொம்பிளையள் என்ரை கழுத்தைக் கட்டிப்பிடிச்சு அழுதவை. "எப்பிடிப் பாத்தாய் அந்த மனுஷனை, உன்னை மாதிரி ஒருத்தரும் பாக்க மாட்டினம்" எண்டு ஒருத்தி சொல்லிச் சொல்லி அழுதவ. அது பொய்யில்லைத்தானே. பெட்டியடியிலை என்னை இருத்தி, தாலியைக் கழட்டி அவற்றை நெஞ்சிலை வைச்சினம். அதுக்கு ஒரு முறை இருக்குது, ஆர் கழட்டவேணும், எங்கை வைக்கவேணும் எண்டு. கோர்ட்டிலை கழட்டுறதுக்கு ஒரு முறையும் இல்லை. கைம்பெண்ணை ஆராத்திக்குக் கூப்பிட மாட்டினம், அது எனக்குத் தெரியும். ஆனா அவளைக் கண்டு வாய்க்குள்ளை சிரிக்க மாட்டினம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச பின்னேரம் சாருஜா குசினியிலை பாத்திரம் துடைச்சுக்கொண்டு நிண்டவள். பெரிய பானையைத் தூக்கிப் பாத்திட்டு, கடைசி நாள் அப்பா என்ன சாப்பிட்டவர் எண்டு கேட்டாள். நான் கூழ் எண்டன். அவள் பானையை மெல்ல வைச்சாள். "தெரிஞ்சுகொண்டோ குடுத்தனீங்கள், அம்மா?" எண்டாள். எனக்கு அவளிட்டைப் பொய் சொல்ல மனம் வரேல்லை. ஓம் எண்டன். முழுக்கச் சொன்னன், இப்ப உங்களுக்குச் சொன்ன மாதிரியே. அவள் அழேல்லை. என்னைப் போலத்தான் அவளும். கோட்டைப் போட்டுக்கொண்டு இங்கை பொலிசுக்கு வந்திட்டாள். அவளிலை எனக்குக் கோவம் இல்லை, அவளுக்கு அப்பா எண்டால் உயிர்.

இப்ப ஐயா கேக்கிறது, பிள்ளை, நீர் தமிழிலை சொல்ல முன்னமே எனக்கு விளங்கிட்டுது. பிரீத்தா சொல்லியிருக்கிறா போல. பங்கு வந்திருந்தால் எனக்குக் கூட. விதவைப் பென்ஷன் அதிலை அரைவாசியும் வராது. அதை அவ எனக்கு அண்டைக்கே சொன்னவவாம், நானும் விளங்கிட்டுது எண்டு தலையாட்டினனானாம். பென்ஷனுக்காக எண்டால் செவ்வாய்க்கிழமை வரைக்கும் பேசாமல் இருந்திருக்கலாமே, பேந்து ஏன் எண்டு கேக்கிறார்.

ஓம், சொன்னவ. நான் தலையாட்டினனான்தான். கணக்கு ஐயா சொல்லுறதுதான் சரி.

அப்பிடியெண்டாலும் பென்ஷனுக்காகத்தான் எண்டே எழுதச் சொல்லும். அது எங்கடை சனத்துக்கு விளங்கும். காசுக்காகப் புருஷனைச் சாக்காட்டினவள் எண்டு எவரும் எங்கையும் கதைக்கட்டும், நான் தாங்குவன். அவர் என்னை வேண்டாம் எண்டு சொன்னவர் எண்ட கதை மட்டும், பிள்ளை, இந்த அறையை விட்டு வெளியிலை போகக்கூடாது.